வேரைத் தோண்டிப் பார்த்தவர்கள்

பொறியியல் படித்தவன் மக்காச்சோள வேரைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று சீனியர் அண்ணன்மார் சிரிப்பது இங்கேயே கேட்கிறது. ஹாஸ்டல் மெஸ் சாம்பார், பஸ் ஸ்டாண்டு டீக்கடை, வைவாவில் உளறிக் கொட்டியது என்று மலரில் வழக்கமாக வரும் விஷயங்களை என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் எங்கள் பேட்ச்சிலேயே இருக்கிறார்கள். அவர்கள் எழுதட்டும். நான் கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன்.

நாலாவது செமஸ்டர் கணக்குப் பேப்பரில் கடைசி யூனிட் ஞாபகம் இருக்கிறதா? ‘டிசைன் ஆஃப் எக்ஸ்பெரிமென்ட்ஸ்’. ஆர்.பி.டி., லத்தீன் சதுரம், எஃப் டேபிள். ஒரு பதினாறு மார்க் கேள்வி நிச்சயம் என்பதற்காகவே படித்தோம். நாலு ரகம் கோதுமை, அஞ்சு பிளாக், விளைச்சல் இவ்வளவு. வித்தியாசம் உண்டா இல்லையா, கண்டுபிடி. மெக்கானிக்கல் பையனுக்குக் கோதுமை எதற்கு என்று ஒருத்தரும் கேட்டதில்லை. பிளாட், பிளாக், ட்ரீட்மென்ட் என்று இன்றைக்கு நாம் ஃபேக்டரியில் அள்ளி விடுகிற சொற்களெல்லாம் வயலில் புழங்கியவை. 1919-இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த ஆர்.ஏ. ஃபிஷர், உரம் போட்ட நிலத்தையும் போடாத நிலத்தையும் நியாயமாக ஒப்பிடுவது எப்படி என்று யோசித்ததில் வளர்ந்த கணக்கு அது.

என் பிழைப்பு டெஸ்டிங். பம்பையும் வால்வையும் பெஞ்சில் ஏற்றி ஓட்டி, பாஸா ஃபெயிலா என்று ரிப்போர்ட் எழுதுகிற வேலை. இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். டெஸ்ட் ஷீட்டில் எந்தக் காலம் இருக்கிறதோ, அதற்குத்தான் நம்பர் வரும். காலமே இல்லாத சமாச்சாரம் என்ன ஆனாலும் ரிப்போர்ட் ‘பாஸ்’ என்றுதான் சொல்லும். இதற்கு ஒரு நல்ல உதாரணம் தேடிக்கொண்டிருந்தபோது கிடைத்தது, அமெரிக்க மக்காச்சோள வயல்களில் வேர்ப்புழுவுக்கு மண்ணில் மருந்து போட்டுச் சோதித்த கதை. முக்கால் நூற்றாண்டுக் கதை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 2018-இல் நம்ம ஊர் மக்காச்சோளத்தில் புகுந்து பெரம்பலூர்ப் பக்கமெல்லாம் விவசாயிகளை அழ வைத்ததே, அது படைப்புழு. குருத்தைத் தின்னும் அந்துப்பூச்சிக் குடும்பம். நான் சொல்லப்போவது வேறு. அரை சென்டிமீட்டர்தான் இருக்கும் ஒரு மஞ்சள் வண்டு. முதுகில் கறுப்புக் கோடு. பெயர் டயாப்ராட்டிகா விர்ஜிஃபெரா. ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கினால் ‘மேற்கத்திய மக்காச்சோள வேர்ப்புழு’. இதற்கு ‘வடக்கத்திய’ பங்காளி ஒன்றும் உண்டு, அது பச்சை நிறம்.

இந்த வண்டின் ஒரு வருஷத்தைத் தெரிந்துகொண்டால் மீதிக் கதை தானாகப் புரியும். ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தாய் வண்டு மக்காச்சோள வயலின் மண்ணில் முட்டையிடும். முட்டை பனிக்காலம் முழுவதும் மண்ணுக்குள் தூங்கும். மே கடைசி, ஜூன் ஆரம்பத்தில் பொரிக்கும். நூல் போன்ற புழு, வேர் விடுகிற கரியமில வாயுவை மோப்பம் பிடித்து வேரை நோக்கி ஊர்ந்து போகும். வழியில் மக்காச்சோள வேர் கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் பட்டினியில் சாவுதான். கிடைத்தால் வேரைக் குடைந்து, நுனியை அறுத்துத் தின்று, ஜூலையில் வண்டாகி மேலே வந்து கதிரின் பட்டு இழையையும் மகரந்தத்தையும் மேயும். வேர் போன செடி காற்றடித்தால் சாயும். சாய்ந்த செடி மறுபடி நிமிரப் பார்க்கும்போது தண்டு வாத்துக் கழுத்து மாதிரி வளைந்து நிற்கும். அறுவடை மெஷின் அதைப் பிடிக்க முடியாமல் கதிரைத் தரையில் விட்டுவிட்டுப் போகும்.

ஒரே வயலில் அடுத்தடுத்த வருஷம் மக்காச்சோளம் போட்டால்தானே இந்தத் தொல்லை? மாற்றிப் போட்டால் புழுவுக்குச் சோறில்லை. இதை 1880-களிலேயே கண்டு சொன்னவர் இல்லினாய் மாநிலப் பூச்சியியலாளர் ஸ்டீபன் ஃபோர்ப்ஸ். வடக்கத்திய புழுவை வைத்துச் சொன்னார். பயிரை மாற்று, அவ்வளவுதான் வைத்தியம். காசும் இல்லை, விஷமும் இல்லை. மேற்கத்திய வண்டு அப்போது ஊர் பேர் தெரியாத பூச்சி. 1867-இல் கான்சாஸில் காட்டுப் பூசணிப் பூவில் பிடித்ததை வைத்து அடுத்த ஆண்டு ஜான் லிகான்ட் பெயர் சூட்டியதோடு சரி. 1909-இல்தான் கொலராடோவில் இனிப்புச் சோளத்தின் வேரை அது தின்பது தெரிய வந்தது.

பிறகு நெப்ராஸ்காவில் பாசனம் பெருகியது. தண்ணீர் இருக்கிறது, உரம் இருக்கிறது, மக்காச்சோளத்துக்கு விலையும் இருக்கிறது. எதற்கு மாற்றிப் போட வேண்டும்? வருஷா வருஷம் மக்காச்சோளமே போட்டார்கள். வண்டுக்கு விருந்து. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு புதுப் புது மருந்துகளும் வந்தன. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஹில், ஹிக்சன், மூமா என்ற மூவர் 1948-இல் தங்கள் சோதனை முடிவை வெளியிட்டார்கள். எனக்கு அந்தக் கட்டுரையின் தலைப்பே ரொம்பப் பிடிக்கும். அதில் பி.எச்.சி. இருக்கிறது, டி.டி.டி. இருக்கிறது, தழைச்சத்து உரம் இருக்கிறது, பயிர் சுழற்சியும் இருக்கிறது. நாலையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பார்த்தார்கள். பிற்காலத்து மருந்துச் சோதனைப் பட்டியல்களில் மருந்துக்கு எதிரே இன்னொரு மருந்துதான் நிற்கும். பயிர் சுழற்சிக்கு அங்கே நாற்காலி கிடையாது. ஒரு காலம் டெஸ்ட் ஷீட்டிலிருந்து காணாமல் போனது இப்படித்தான்.

1950-களில் ஆல்ட்ரின், ஹெப்டாக்ளோர் வந்தன. நம்ம ஊரில் வீடு கட்டும்போது கறையானுக்கு ஊற்றிய அதே ஆல்ட்ரின்தான். மலிவு, மண்ணில் வருஷக்கணக்கில் நிற்கும். வயல் முழுக்கத் தூவி மண்ணோடு கலந்துவிட்டார்கள். புழு எங்கே திரும்பினாலும் மருந்து. ஆரம்பத்தில் பிரமாதமான ரிசல்ட்! பத்து வருஷம் ஓடியது. 1959 வாக்கில் நெப்ராஸ்காவில் சில விவசாயிகள் “மருந்து கேட்கவில்லை” என்றார்கள். ஹாரால்ட் பால், ஜெரால்ட் வீக்மன் என்ற இருவர் வண்டுகளைப் பிடித்துவந்து லேபில் மருந்து வைத்துப் பார்த்து, எதிர்ப்புத்திறன் வந்துவிட்டது என்று 1962-இல் அறிவித்தார்கள். அதற்குள் வண்டு கிழக்கே கிளம்பிவிட்டது. 1964-இல் இல்லினாய். 1980-களின் நடுவில் அட்லாண்டிக் கடற்கரை. மருந்தைத் தாங்கும் சக்திதான் இந்த ஓட்டத்துக்குக் காரணமா, அல்லது தொடர் மக்காச்சோளமா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது. ஓட்டம் மட்டும் நிஜம்.

ஆல்ட்ரினை 1970-களின் நடுவில் அமெரிக்க விவசாயத்தில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதன் பிறகு முப்பது வருஷம் கழித்து நெப்ராஸ்கா வண்டுகளைச் சோதித்தபோதும் ஆல்ட்ரினைத் தாங்கும் குணம் மறையவில்லை. தாத்தா வாங்கிய கடனைப் பேரன் கட்டுவது நமக்குத் தெரியும். தாத்தா தின்ற விஷத்தைப் பேரன் ஜீரணிப்பது புதுசு.

அடுத்து வந்தவை பாஸ்பரஸ், கார்பமேட் வகைக் குருணை மருந்துகள். ஃபோரேட், கார்போஃப்யூரான், ஃபோனோஃபாஸ், டெர்புஃபாஸ், குளோர்பைரிஃபாஸ். முதல் இரண்டையும் ‘திமெட்’, ‘ஃபியூரடான்’ என்று நம் உரக்கடைகளிலும் கேட்டிருப்பீர்கள். (இந்தியாவில் ஃபோரேட்டுக்கு 2020 டிசம்பர் 31 முதல் தடை.) இவை ஆல்ட்ரின் மாதிரி வருஷக்கணக்கில் நிற்காது, விலையும் ஜாஸ்தி. வயல் முழுக்கத் தூவினால் கட்டுப்படியாகாது. அதனால் விதைக்கும்போதே, விதைப்பு இயந்திரத்தில் ஒரு பெட்டியை மாட்டி, விதைச் சாலின் மேல் ஏழு அங்குல அகலத்துக்குப் பட்டையாகத் தூவினார்கள். இல்லையென்றால் நேரே சாலுக்குள் விட்டார்கள்.

இந்த இடத்தில் நமக்குப் பிடித்த கணக்கு ஒன்று வருகிறது. லேபிளில் டோஸ் ஏக்கருக்கு இத்தனை பவுண்டு என்று இருக்காது. ஆயிரம் அடி வரிசைக்கு 1.2 அவுன்ஸ் வீரியப் பொருள் என்று இருக்கும். என்னடா இந்த விசித்திரமான 1.2 என்று போட்டுப் பார்த்தேன். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. வரிசைக்கு வரிசை 40 அங்குலம் என்றால் ஏக்கருக்கு 13,068 அடி நீளம் வரிசை வரும். ஏக்கருக்கு ஒரு பவுண்டு, அதாவது 16 அவுன்ஸை, அந்த நீளத்துக்குப் பங்கு போட்டால் ஆயிரம் அடிக்கு 1.22. ஆக, பழைய ‘ஏக்கருக்கு ஒரு பவுண்டு’தான் வேஷம் மாறி வந்திருக்கிறது. சரி, அது ஏன் 40 அங்குலம்? இரண்டு வரிசைக்கு நடுவே குதிரை நடக்க வேண்டுமே! குதிரை போய் டிராக்டர் வந்து, வரிசை 30 அங்குலமாக நெருங்கியபோது அதே டோஸ் ஏக்கருக்கு 1.3 பவுண்டு ஆகிவிட்டது. மருந்து கம்பெனிக்கு லாபம்தான்.

இன்னொரு கணக்கு. 30 அங்குல வரிசையில் 7 அங்குலப் பட்டை என்றால் நிலத்தில் 23 சதவீதம்தான் மருந்து படுகிறது. மீதி 77 சதவீதத்தில் மருந்தே இல்லை. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சோதனை எப்படிச் செய்கிறார்கள்? இதில் இருக்கிற வேலை நுணுக்கம் எந்த டெஸ்ட் பெஞ்சுக்கும் குறைந்ததில்லை. புழு இல்லாத வயலில் மருந்தைச் சோதித்து என்ன பயன்? அதனால் முந்தைய வருஷமே வண்டுகளை வரவழைக்க வேண்டும். ஊரெல்லாம் விதைத்து முடித்த பிறகு, வேண்டுமென்றே தாமதமாக ஒரு துண்டு நிலத்தில் மக்காச்சோளம் போடுவார்கள். ஆகஸ்டில் சுற்றுவட்டார வயலெல்லாம் பட்டு காய்ந்து கிடக்க, இங்கே மட்டும் பச்சைப் பட்டும் மகரந்தமும். கல்யாண வீட்டு மோப்பம் பிடித்த மாதிரி வண்டுகள் வந்து சேரும், அங்கேயே முட்டையிடும். அடுத்த வசந்தத்தில் அதே நிலத்தில் பாத்தி பிரித்து, நாலு பிளாக்காக, எந்தப் பாத்திக்கு எந்த மருந்து என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். ஒவ்வொரு பிளாக்கிலும் மருந்தே போடாத பாத்தி ஒன்று கட்டாயம். நம்ம ஆர்.பி.டி.யேதான்.

இயற்கையை நம்ப மாட்டேன் என்கிற ஆட்களும் இருந்தார்கள். தெற்கு டகோடாவின் புரூக்கிங்ஸில் அமெரிக்க விவசாயத் துறையின் ஆராய்ச்சிக் கூடத்தில், சட்டர், பிரான்சன் என்ற இருவர் லேபில் வளர்த்த வண்டுகளின் முட்டையை நீர்த்த அகர் கரைசலில் கலந்து, டிராக்டரில் பொருத்திய கருவியால் ஒரு அடிக்கு இத்தனை முட்டை என்று அளந்தே மண்ணுக்குள் விடும் முறையை 1980-இல் எழுதி வைத்தார்கள். முட்டை உடையக் கூடாது, அடியில் தங்கவும் கூடாது. ஸ்லரி பம்ப் செய்கிற நண்பர்கள் இதன் கஷ்டத்தை உணர்வார்கள்.

ஏப்ரல் கடைசியில் அல்லது மே மாதம் விதை, மருந்து. புழு பொரிப்பது ஜூனில். மருந்து அதுவரை மண்ணில் காத்திருக்க வேண்டும். விதைப்பு முன்னே போகப் போக இந்தக் காத்திருப்பு நீளும், மருந்தின் வீரியம் குறையும். ஜூன் முதல் வாரம் அடைமழை பிடித்து மண் ஊறிப்போனால் குட்டிப் புழுக்கள் செத்துவிடும். அப்போது மருந்து போடாத பாத்தியிலும் வேர் முழுசாக இருக்கும். அந்த வருஷ டெஸ்ட் குப்பைக்கூடைக்கு. எல்லாம் கூடி வந்தால் ஜூலை நடுவில் மண்வெட்டியோடு இறங்கி, பாத்திக்கு அஞ்சு செடி என்று வேரோடு தோண்டி, ஊற வைத்து, பீய்ச்சும் தண்ணீரில் கழுவி, வரிசையாக அடுக்கி, வேருக்கு மார்க் போடுவார்கள்.

அந்த மார்க் முறைக்கும் தனி வரலாறு உண்டு. 1968-இல் செடியை நேராக மேலே இழுத்து, பிடுங்க எவ்வளவு விசை தேவை என்று அளந்து பார்த்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. லோடு செல், கிலோகிராம், தகராறே இல்லை. ஆனால் மண் ஈரமாக இருந்தால் ஒரு விடை, காய்ந்திருந்தால் ஒரு விடை. 1971-இல் அயோவாவின் ஹில்ஸ், பீட்டர்ஸ் இருவரும் 1 முதல் 6 வரை மார்க் போடும் முறையைக் கொண்டு வந்தார்கள். மக்காச்சோளத்துக்குத் தண்டின் அடிக் கணுக்களிலிருந்து வளையம் வளையமாக வேர் இறங்கும். 1 என்றால் சேதமில்லை. 4 என்றால் ஒரு வளையம் முழுசாகக் காலி. 6 என்றால் மூன்று வளையம். முப்பது வருஷத்துக்கு மேல் நாடு முழுக்க இதுதான் ஓடியது. குறை என்னவென்றால், 2-லிருந்து 3-க்குப் போவதும் 4-லிருந்து 5-க்குப் போவதும் ஒரே அளவு சேதமில்லை. ஸ்கேலில் கோடுகள் சமதூரத்தில் இல்லாவிட்டால் சராசரி எடுப்பதே தப்பு; முதல் வருஷப் பையனுக்குக்கூடத் தெரியும். 2005-இல் அதே அயோவாவிலிருந்து ஓல்சன், டாலஃப்சன் முதலியோர் 0 முதல் 3 வரை நேர்கோட்டு ஸ்கேலைக் கொடுத்தார்கள். ஒரு வளையம் போனால் 1.00, கால் வளையம் போனால் 0.25. படிக்கச் சுலபம், சராசரி எடுக்கலாம். ஒரு வளையத்துக்கு மகசூலில் ஏறக்குறைய 15 சதவீதம் இழப்பு என்று பின்னால் வந்த ஆய்வுகள் கணக்குச் சொல்கின்றன. பத்து பாத்தியில் எத்தனை முறை 0.25-க்குள் நின்றது என்று ‘நம்பகத்தன்மை’ சதவீதமும் போடுகிறார்கள். சராசரியைவிட விவசாயிக்கு அதுதான் உபயோகம். சராசரி நன்றாயிருந்து என் வயலில் மட்டும் தோற்றால் எனக்கு என்ன லாபம்?

இத்தனை கவனமாகச் செய்த டெஸ்டில் காலம் போடாமல் விட்டது எது? முதல் அடி மண்ணுக்குள்ளிருந்தே வந்தது. கார்போஃப்யூரான் சில வருஷம் நன்றாக வேலை செய்துவிட்டு, 1970-களின் பிற்பகுதியில் சில வயல்களில் தோற்றது. புழுவுக்கு எதிர்ப்புத்திறனா? இல்லை. இல்லினாயில் ஆலன் ஃபெல்சாட்டும் கூட்டாளிகளும் 1981-இல் காட்டியது: தொடர்ந்து மருந்து போட்ட மண்ணில் நுண்ணுயிரிகள் அந்த மருந்தையே தின்னப் பழகிவிட்டன. அடுத்து ஐசோஃபென்ஃபாஸ். மண்ணில் நீண்ட நாள் நிற்கும் என்ற நம்பிக்கையோடு வந்த மருந்து. இரண்டாம் முறை, மூன்றாம் முறை போட்ட வயல்களில் புழு பொரிக்கும் முன்பே காணாமல் போனது. ஒரே ஒரு வருஷம் மருந்து போட்டுப் பார்க்கிற பாத்தியில் இது தெரியவே தெரியாது. வாங்குகிற விவசாயியோ அதே வயலில் வருஷா வருஷம் போடுகிறான். அவன் பணம் போன பிறகுதான் டெஸ்ட் முறைக்குப் புத்தி வந்தது.

இரண்டாவது, பறவைகள். கார்போஃப்யூரான் குருணையை விதையென்றோ மணலென்றோ நினைத்துக் கொத்திய குருவிகள் செத்தன. சின்னக் குருவிக்கு ஒரே ஒரு குருணை போதும். வேர் மார்க் பட்டியலில் அந்த மருந்து முதல் வரிசையில் நின்ற வருஷங்களிலும் வயலோரத்தில் இது நடந்துகொண்டிருந்தது. 1991-இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி குருணை வடிவத்தைப் படிப்படியாக நிறுத்தினார்கள். இதைத் தோண்டி எடுக்க வேர் டெஸ்டால் முடியாது. வேறு ஆட்கள், வேறு கணக்கு வேண்டியிருந்தது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. வேர் பிழைத்தது, சரி, புழு செத்ததா? மைக்கேல் கிரே, ஃபெல்சாட், ஸ்டெஃபி, லெவின் நால்வரும் இல்லினாயில் மருந்து போட்ட பாத்தியிலும் போடாத பாத்தியிலும் செடிமேல் வலைக்கூண்டு கவிழ்த்து, மண்ணிலிருந்து வெளிவரும் வண்டுகளை எண்ணினார்கள். 1992-இல் வந்த முடிவு, மருந்து போட்ட பாத்தியிலிருந்தும் வண்டுகள் தாராளமாக வெளிவருகின்றன. சில சமயம் மருந்து போடாத பாத்தியைவிட அதிகமாகவே! காரணம் யோசித்தால் சுலபம். முட்டை மிக அதிகமாக இருக்கும் வயலில் மருந்து இல்லையென்றால் புழுக்கள் வேரை மொட்டையடித்துவிட்டு, சோறு கிடைக்காமல் தாங்களும் சாகும். மருந்து அடித்தண்டு வேர்களைக் காப்பாற்றும். பட்டைக்கு வெளியே, அந்த 77 சதவீத மண்ணில் ஓடும் வேர்களைத் தின்று புழுக்கள் சுகமாக வளரும். ஆக, ‘புழுக்கொல்லி’ என்று விற்ற மருந்து உண்மையில் வேருக்கு ஒரு குடை. மழையை அது நிறுத்தவில்லை.

இது குறையா? விவசாயி பக்கம் பார்த்தால் ஒரு வகையில் குறைதான். அடுத்த வருஷமும் வண்டு இருக்கும், அடுத்த வருஷமும் மருந்து வாங்கணும். மருந்துச் செலவும் மகசூல் இழப்பும் சேர்ந்து வருஷத்துக்கு நூறு கோடி டாலரை நெருங்குகிறது என்று 1986-இல் ராபர்ட் மெட்காஃப் எழுதினார். ‘பில்லியன் டாலர் பூச்சி’ என்ற பட்டம் அப்படி வந்தது. ஆகஸ்டில் வயலில் நடந்து வண்டுகளை எண்ணி, செடிக்குச் சராசரி முக்கால் வண்டுக்குக் கீழே இருந்தால் அடுத்த வருஷம் மருந்தே வேண்டாம் என்று இல்லினாய் விரிவாக்கத் துறையினர் சொன்னார்கள். ஆகஸ்ட் வெயிலில் முக்கால் வண்டு எண்ண யார் போவார்கள்? இன்ஷூரன்ஸ் மாதிரி மருந்தைப் போட்டுவிட்டு, வேர் நன்றாயிருந்தால் மருந்தின் புண்ணியம் என்று நினைத்தார்கள். மருந்து போடாமல் ஒரு நாலு வரிசையாவது விட்டுவைத்தால்தானே, புழு இருந்ததா இல்லையா என்றே தெரியும்!

ஆனால் நம் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னொரு கோணம் இருக்கிறது. வயல் முழுக்கக் கலந்த ஆல்ட்ரின் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் தோற்றது. வண்டுகளையே குறிவைத்து விமானத்திலிருந்து வயல் முழுக்கத் தெளித்த மீத்தைல் பாரத்தியானுக்கும் நெப்ராஸ்கா வண்டுகள் எதிர்ப்புத்திறன் பெற்றதை மைன்கி முதலியோர் 1998-இல் உறுதி செய்தார்கள். பைஃபென்த்ரினையும் தெளித்தார்கள்; அதற்கும் மேற்கு நெப்ராஸ்கா, கான்சாஸில் அதே கதி என்று 2015-இல் கட்டுரை வந்தது. சாலோரப் பட்டையில் போட்ட குருணைகளோ பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தன. மருந்து படாத 77 சதவீத மண்ணில் பிழைத்த புழுக்கள் எதிர்ப்புத்திறன் இல்லாத சந்ததியையும் வாழவைத்துக்கொண்டே இருந்தன. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை இது. குருணை விலை ஜாஸ்தி என்பதால் பட்டையாகப் போட்டார்கள்; மருந்தின் ஆயுசு கூடிவிட்டது.

இதற்கு நடுவில் வண்டு ஃபோர்ப்ஸுக்கும் பதில் சொல்லிவிட்டது. வடக்கத்திய வகையில் சில முட்டைகள் ஒரு பனிக்காலத்துக்குப் பதில் இரண்டு பனிக்காலம் தூங்கக் கற்றுக்கொண்டன. மேற்கத்திய வண்டோ இல்லினாய், இண்டியானாவில் சோயா வயலுக்கே போய் முட்டையிட ஆரம்பித்தது. அடுத்த வருஷம் அங்கே மக்காச்சோளம் வரும் என்று ‘தெரிந்து’ போகவில்லை; இரண்டு பயிரை மட்டுமே மாற்றி மாற்றி எல்லோரும் போட்டதில், வயலை விட்டு வெளியே முட்டையிட்டவைதான் பிழைத்தன. 1990-களின் நடுவில் முதல் வருஷ மக்காச்சோளமே சாய்ந்தது.

2003-இல் வேரிலேயே விஷப் புரதம் சுரக்கும் பி.டி. மக்காச்சோளம் வந்தது. ஒவ்வொரு வேரிலும், நுனிவரை மருந்து. வேர் மார்க் அருமை. விவசாயிகள் குருணைப் பெட்டியைக் கழற்றி ஷெட்டில் போட்டார்கள். நஞ்சுக் கையாளல் குறைந்தது, அது பெரிய விஷயம், மறுக்கக் கூடாது. ஆனால் குடை போய் மறுபடி முழுக் கூரை வந்துவிட்டது, கவனித்தீர்களா? வயலில் ஒரு பங்கு பி.டி. இல்லாத செடியைப் புகலிடமாக வைக்கச் சொன்னது இதை எண்ணித்தான். அப்படியும், மூன்று வருஷமோ அதற்கு மேலோ தொடர்ந்து அதே ரகம் போட்ட அயோவா வயல்களில் 2009-இல் பிடித்த வண்டுகளின் குஞ்சுகள் அந்த வேரைத் தின்று பிழைத்தன. காஸ்மனும் கூட்டாளிகளும் 2011-இல் வெளியிட்டார்கள். ஷெட்டிலிருந்து பெட்டி மறுபடி இறங்கியது.

2022-இல் இன்னொரு வகை வந்திருக்கிறது. புழுவின் மரபணுச் செய்தியையே அணைக்கும் ஆர்.என்.ஏ. முறை, பி.டி. புரதங்களோடு சேர்த்து. இதையும் அதே மாதிரிதான் சோதிக்கிறார்கள். தாமதமாக விதைத்த பொறி நிலம், பிளாக் பிரித்த பாத்தி, மருந்தும் இல்லாமல் மரபணுவும் மாற்றாமல் ஒரு பாத்தி, ஜூலையில் மண்வெட்டி, பீய்ச்சும் தண்ணீர், 0 முதல் 3 வரை மார்க். ஒரே ஒரு வித்தியாசம்: இந்த மாதிரிச் சோதனைகள் பலவற்றில் வேர் தோண்டுகிற வரிசைக்குப் பக்கத்து வரிசையில் வலைக்கூண்டும் கவிழ்த்து வைக்கிறார்கள். வேர் மார்க் ஜூலையோடு முடிந்துவிடும். கூண்டுக்குள் வண்டு எண்ணுவது கோடை முடியும் வரை நடக்கிறது.